முதலில் வாங்கியவருக்கு என்ன பதில்?

புது மாடல் போன் ஒன்று வந்த முதல் வாரமே முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே போன், அதே கடை, விலை மட்டும் நாற்பது சதவிகிதம் குறைவு. எப்படி இருக்கும்? கடைக்காரர் மேல் வராத கோபம் கம்பெனி மேல் வரும். இனி இவர்கள் எதை விட்டாலும் ஆறு மாதம் பொறுத்துத்தான் வாங்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவோம்.

விற்காத சரக்கின் விலையைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. குறைத்த பிறகு, முன்பே வாங்கியவரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கு 2011-ல் ஒரு ஜப்பான் நிறுவனம் சொன்ன பதில்தான் இந்த வாரக் கதை.

நின்டெண்டோ என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, மீசை வைத்த மரியோவைப் பெற்ற கம்பெனி என்றால் போதும். 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கியவர்கள், பின்னாளில் வீடியோ கேமுக்கு மாறினார்கள். கையில் வைத்து விளையாடும் கேம் கருவிகளில் அவர்கள்தான் ராஜா. 2004-ல் வந்த அவர்களது 'டிஎஸ்' கருவி மொத்தம் 15 கோடிக்கு மேல் விற்றது.

அதன் அடுத்த வாரிசு '3டிஎஸ்'. கண்ணாடி மாட்டாமலே திரையில் முப்பரிமாணக் காட்சி தெரியும் என்பதுதான் அதன் பெருமை. 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 25,000 யென் விலையில் வந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் சுமார் 250 டாலர். மார்ச் முடிவதற்குள் 40 லட்சம் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 36 லட்சம் விற்றது. சரி, பரவாயில்லை. ஆனால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் சேர்த்து உலகம் முழுக்க விற்றது வெறும் 7 லட்சம் சொச்சம். 15 கோடி விற்ற அப்பனுக்குப் பிறந்த பிள்ளை தவழவே தடுமாறியது.

ஏன் விற்கவில்லை? வெளிவந்த இரண்டாவது வாரமே ஜப்பானைப் பெரும் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. அது யார் கையிலும் இல்லை. மற்ற காரணங்கள் கம்பெனியின் கையில் இருந்தவை.

முதலாவது, கருவி வந்த நாளில் அதில் விளையாட புது மரியோ ஆட்டம் இல்லை. அடுப்பை விற்றுவிட்டு அரிசி அப்புறம் வரும் என்றால் யார் வாங்குவார்கள்?

இரண்டாவது, ஸ்மார்ட்போன். பையில் ஏற்கெனவே இருக்கும் போனில் ஒரு டாலருக்கு ஓர் ஆட்டம் கிடைக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்கு அது போதாதா? தனியாக ஒரு கருவிக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 40 டாலர் என்றால் பெற்றோர் யோசிக்கத்தானே செய்வார்கள்?

மூன்றாவது, அந்த முப்பரிமாணப் பெருமையே சுமையாகிவிட்டது. பத்திரிகையிலோ டி.வி.யிலோ விளம்பரம் போட்டால் அது தெரியாது. கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு, ஆறு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டாம் என்று கம்பெனியே எச்சரித்தது. பொறுப்பான எச்சரிக்கைதான். ஆனால் குழந்தைக்கு வாங்க வந்த அம்மாவுக்கு அது ஒரு தயக்கம்.

2011 ஜூலை 28 அன்று கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்ட் 11 முதல் ஜப்பானில் விலை 25,000 யென்னிலிருந்து 15,000 யென். அமெரிக்காவில் மறுநாள் முதல் 250 டாலரிலிருந்து 170 டாலர். புதுக் கருவி ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குள் இவ்வளவு பெரிய வெட்டு அந்தத் தொழிலில் அபூர்வம். இந்த விலையில் விற்றால் ஒவ்வொரு கருவிக்கும் நஷ்டம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

அப்போது கம்பெனியின் தலைவர் சடோரு இவாடா. அந்த வேளையில் அவர் இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். மற்ற உயர் இயக்குநர்களுக்கு 30 சதவிகிதமும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு 20 சதவிகிதமும் குறைந்தது. இதனால் நஷ்டம் ஈடாகிவிடாது. பெரிய கம்பெனியின் கணக்கில் அது கடுகளவு. ஆனால் தவறான விலை வைத்தது யார் என்ற கேள்விக்கு, தொழிற்சாலையில் வேலை செய்பவரையோ கடையில் விற்பவரையோ கை காட்டாமல், 'நாங்கள்தான்' என்று சொன்னது அந்த வெட்டு.

இரண்டாவது காரியம், முழு விலைக்கு வாங்கியவர்களுக்கானது. அவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக்கூடும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார். விலை குறையும் நாளுக்கு முன்பு ஒரு முறையாவது அந்தக் கருவியிலிருந்து கம்பெனியின் இணையக் கடைக்குள் நுழைந்தவர் அனைவருக்கும் 'தூதர்' என்று பெயர் சூட்டி, 20 பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தார். பத்து ஆட்டங்கள் 1980-களின் கேம் பெட்டியிலிருந்து. முதல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உட்பட. மீதிப் பத்து 'கேம் பாய் அட்வான்ஸ்' காலத்தவை.

இதில் வியாபார சாமர்த்தியமும் உண்டு. இரண்டு வாரம் கழித்து விலை குறையும் என்று இன்றைக்கே அறிவித்தால், நடுவில் ஒருவரும் கடைப்பக்கம் வர மாட்டார்கள். முன்னால் வாங்கினால் 20 ஆட்டம் இலவசம் என்றதும் அந்த இரண்டு வாரமும் கடைகள் காற்று வாங்காமல் தப்பின. பழைய ஆட்டங்களைப் புதிதாகத் தயாரிக்க வேண்டிய செலவும் இல்லை.

'எண்பது டாலரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பணம் செலவாகிவிடும்; மறந்தும்போகும். அந்தப் பத்து கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களை அவர்கள் வேறு யாருக்கும் 3டிஎஸ் கருவியில் விலைக்குக்கூடத் தரவில்லை. 2023 மார்ச்சில் அந்த இணையக் கடையில் விற்பனை நின்றது. கடைசி நாள் வரை தரவில்லை. ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், மற்றவரிடம் இல்லாத ஒன்றை வைத்திருப்பவராக ஆனார்.

விலை குறைத்ததோடு நிற்கவில்லை. நவம்பரில் 'சூப்பர் மரியோ 3டி லேண்ட்', டிசம்பரில் 'மரியோ கார்ட் 7' வந்தன. இரண்டுமே பின்னாளில் ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டங்கள். ஜப்பானியர்கள் உயிரை விடும் 'மான்ஸ்டர் ஹன்டர்' ஆட்டமும் டிசம்பர் 10 அன்று 3டிஎஸ்ஸுக்கு வந்தது. அடுப்பும் மலிவு, அரிசியும் வந்தாயிற்று. ஓராண்டு முடிவதற்குள் ஜப்பானில் மட்டும் 50 லட்சம் விற்றது.

மான்ஸ்டர் ஹன்டர் வந்த சரியாக ஒரு வாரத்தில், டிசம்பர் 17 அன்று, சோனியின் 'பிளேஸ்டேஷன் வீட்டா' வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பளிச்சென்ற ஐந்து அங்குலத் திரையுடன் அருமையான கருவி. ஆனால் விலை 24,980 யென். அதற்குத் தனி ரக மெமரி கார்டு வேறு வாங்க வேண்டும். அமெரிக்காவில் 32 ஜிபி கார்டு மட்டும் 100 டாலர். சோனியின் முந்தைய கருவியை ஜப்பானில் தூக்கி நிறுத்திய மான்ஸ்டர் ஹன்டரோ எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது. 2013-ல் வீட்டாவும் விலையைக் குறைத்தது. கூடவே வர வேண்டிய பெரிய ஆட்டங்கள் போதிய அளவு வராததால் கரை சேரவில்லை. விலைக் குறைப்பு ஆளைக் கடைக்குள் கொண்டுவரும்; உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கும்.

நின்டெண்டோவும் இதற்கு விலை கொடுத்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 4,320 கோடி யென் நிகர நஷ்டம். யென்னின் மதிப்பு ஏறியதும் ஒரு காரணம். பிறகு 2013-ல், முப்பரிமாணமே இல்லாத, மடக்க முடியாத '2டிஎஸ்' என்ற கருவியை 130 டாலருக்கு விட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இருந்த தயக்கம் போயிற்று. தங்கள் பெருமையைத் தாங்களே கழற்றி வைக்க ஒரு மனசு வேண்டும். 3டிஎஸ் குடும்பம் முழுவதும் சேர்ந்து கடைசியில் ஏறக்குறைய 7.6 கோடி விற்றது. அப்பன் சாதித்ததில் பாதிதான். ஆனால் 2011 ஜூலையில் அந்தப் பாதியைக்கூட யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

இவாடா 2015-ல், தன் 55-வது வயதில் காலமானார்.

வியாபாரம் செய்கிற வாசகர்களுக்கு ஒன்று. விலையைக் குறைக்கும் நாள் எந்தத் தொழிலிலும் வரும். போர்டு எழுதுவதற்கு முன்பு, பழைய விலைக்கு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது உங்களை நம்பிக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். அடுத்த பொருளுக்கும் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.