படுக்கையில் விழுந்தால்தான் பணமா?

திங்கட்கிழமை என்றால் வேங்கிக்காலில் கூட்டம் நெரியும். கலெக்டர் ஆபீசில் அன்றுதான் மனு நாள். பட்டா தகராறு, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்று ஆளுக்கொரு குறை. அந்தக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாய்மார்களையும் பார்க்கலாம். இடுப்பில் இருப்பது கைக்குழந்தை அல்ல. எட்டு வயது, பத்து வயது ஆகியும் நடக்க வராத பிள்ளை!

அடிதடி, விபத்து என்று செய்தி தேடிப் போன என்னை ஒரு அம்மா நிறுத்தினார். ஜவ்வாது மலையில் இருந்து இறங்கி, போளூரில் பஸ் மாறி வந்தவர்.

"கார்டு இருக்குது தம்பி. ஆனா பெட்டுல சேத்து ஆபரேசன் பண்ணாத்தான் செல்லும்னு சொல்றாங்க. எம்புள்ளைக்கு பெட்டு வேணாம். வாரா வாரம் காலை நீட்டி மடக்கி விட ஆளு வேணும். அதுக்கு எந்தக் கார்டு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தேன். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அட்டை இருக்கு, ஆனால்...

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம். அதை யாரும் மறுக்க முடியாது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. காது கேளாத சிறு குழந்தைக்குச் செவிக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன்கூட இதில் நடக்கிறது. எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது.

ஆனால் அதன் கணக்கு, முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கான கணக்கு. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு வேண்டியது அது அல்லவே! மூளை முடக்குவாதப் பிள்ளைக்கு உடற்பயிற்சி சிகிச்சை வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பொத்தான் போட, சோறு அள்ளிச் சாப்பிடப் பழக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற வைத்தியம் இல்லை. வருஷக் கணக்கில் நடக்க வேண்டியது.

இன்னொரு கொடுமை. மூளை முடக்குவாதப் பிள்ளைக்குப் பயிற்சி விட்டுப்போனால் காலின் சதை மெல்ல மெல்ல இறுகும். குதிகால் தரையில் படாது. பயிற்சி ஒழுங்காக நடந்தால் இந்த இறுக்கம் குறையும், தள்ளிப்போகும். விட்டுவிட்டால் கடைசியில் கத்தி வைக்க வேண்டிய நிலை வரலாம். கத்தி என்றதும் அட்டை கை கொடுக்கும்! வருமுன் காக்கக் காசு இல்லை. வந்த பிறகு அறுக்கக் காசு உண்டு. இது என்ன நியாயம்?

யாருக்கும் தெரியாத திட்டம்

இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு காப்பீடு இருக்கிறது. பெயர் நிராமயா. 1999-ல் வந்த சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, 2008-ல் தொடங்கியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை கிடைக்கும். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் பணம் உண்டு. வாராந்திரப் பயிற்சிக்கும் உண்டு. போக்குவரத்துச் செலவுக்குக்கூட கொஞ்சம் உண்டு!

கட்டணம்? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வருஷம் ரூ.250. அடுத்த வருஷம் முதல் வெறும் ரூ.50. மற்றவர்களுக்கு முதலில் ரூ.500, பிறகு ரூ.250.

அந்த அம்மாவிடம் சொன்னேன். "இப்பத்தான் தம்பி கேக்கறேன்" என்றார்.

தெரிந்தவர்கள் பாடும் லேசு இல்லை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் 31-ந்தேதியோடு காலம் முடியும். புதுப்பிக்க மறந்தால் போச்சு! கைக்காசைப் போட்டு வைத்தியம் பார்த்துவிட்டு, ரசீதை அனுப்பிப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கூலி வேலை பார்க்கிறவர் கைக்காசுக்கு எங்கே போவார்?

இலவசமாக இல்லையா?

"பள்ளிக்கூடத்திலேயே சிறப்பாசிரியர் இருக்கிறாரே, அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது. ஒன்றிய வள மையங்களில் பயிற்சி தருகிறார்கள். வீட்டுக்கே போயும் சொல்லித் தருகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட சில வகையினருக்கு மாதம் ரூ.2 ஆயிரம் உதவித்தொகையும் 2023 முதல் தரப்படுகிறது. அதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஆனால் பயிற்சி நாளன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைய கூலி போகிறது. பஸ் காசும் போகிறது. விட்ட நாளைத் தனியாரிடம் ஈடுகட்ட நினைத்தால் பர்ஸ் காலி!

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? வருமான வரம்புக்கு உட்பட்டு, வீட்டுக்கு அருகிலேயே, முக்கியமாகக் கிராமங்களில் இலவச மருத்துவம் தர வேண்டும் என்கிறது. மலைமேல் இருக்கும் பிள்ளைக்கு வேங்கிக்காலா அருகில்?

அமெரிக்காவில் ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று ஒரு அரசுக் காப்பீடு. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே தரும் பயிற்சி சிகிச்சைக்கும் அது பணம் தரலாம் என்று 1988-லேயே சட்டத்தில் வழி செய்தார்கள். அங்கே பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பணம் வருகிறது. இங்கே பணம் இருக்கிற இடத்துக்குப் பிள்ளையைச் சுமக்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை.

அடையாள அட்டை கொடுக்கும் அதே மேஜையில் நிராமயா படிவத்தையும் பூர்த்தி செய்யட்டும். தொண்டு நிறுவன ஆள் ஒருவரைப் பக்கத்திலேயே உட்கார வைக்கட்டும். மாவட்டத்தின் 18 ஒன்றியங்களிலும் பிப்ரவரி மாதமே சிறப்பாசிரியர்கள் பட்டியல் எடுத்துப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யட்டும். ஏழைப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசே கட்டட்டும். ஆயிரம் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும் முதல் வருஷம் ரூ.2½ லட்சம். அடுத்த வருஷம் ரூ.50 ஆயிரம். சர்க்காருக்கு இது ஒரு பணமா?

அதோடு முதல்-அமைச்சர் காப்பீட்டில் வாராந்திரப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். பணம் நேராகப் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். தாயின் கையில் இருந்து ஒரு பைசா முதலில் போகக் கூடாது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் லட்சக்கணக்கான பேருக்கு ஸ்பெஷல் பஸ் விட்டு, பந்தோபஸ்து போட்டு, தண்ணீர் வைக்கத் தெரிந்த நிர்வாகம் இது. வேங்கிக்காலில் ஒரு மேஜை போட முடியாதா?

அடுத்த திங்கட்கிழமையும் அந்தத் தாய்மார்கள் வருவார்கள். பிள்ளை வளர வளர இடுப்பில் பாரம் கூடுகிறது. அதிகாரிகள் கவனிப்பார்களா?