கண் இமை அழற்சி: முதல் வைத்தியம் வெந்நீர்த் துணிதான்

காலைல எந்திரிச்சா இமை ஒட்டிக்கிட்டு இருக்கு. இமை முடியோட வேர்ல பொடுகு மாதிரி செதில். நாள் முழுக்க கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், அரிப்பு. அப்பப்போ கண்கட்டி வேற. "உடம்பு சூடு"ன்னு சொல்லி இளநீர் குடிச்சிட்டு விட்டிருப்பீங்க. இளநீர் நல்லதுதான், குடிங்க. ஆனா இதுக்குப் பேரு பிளெஃபரைட்டிஸ், அதாவது கண் இமை அழற்சி.

நான் கண் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் பொது ஓபி பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். இந்தத் தொந்தரவோட வர்றவங்க பலரும் முதல்ல எங்ககிட்டதான் வர்றாங்க. வரும்போதே கையில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். என் கோபம் அந்த பாட்டில் மேலதான். அதுக்கு அப்புறம் வரேன்.

உங்க ஒவ்வொரு இமை ஓரத்திலும் இருபது, முப்பது எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையா இருக்கு. மெய்போமியன் சுரப்பிகள். 1666-ல் இதைப் பத்தி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மெய்போம் பேர்ல வந்த பெயர். கண் சிமிட்டும்போது இதிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வந்து கண்ணீர் மேல படலமா பரவும். கண்ணீர் சட்டுனு காயாம இருக்கிறது அதனாலதான். அந்த எண்ணெய் பற்பசை மாதிரி கெட்டியானா சுரப்பியோட வாய் அடைச்சுக்கும். கண் காயும், உறுத்தும், அடைச்ச இடத்துல கட்டி வரும். சிலருக்கு இமை முடி வேர்ல பாக்டீரியா, தலைப் பொடுகு, டெமோடெக்ஸ்ங்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணி எல்லாம் சேர்ந்துக்கும்.

மார்கழிக் குளிர்ல உறைஞ்ச தேங்காய் எண்ணெய் பாட்டிலை என்ன பண்ணுவீங்க? வெந்நீர்ல வைப்பீங்க. இங்கேயும் அதேதான்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா முதல்ல கழட்டிடுங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. சுத்தமான பருத்தித் துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, மணிக்கட்டின் உள்பக்கம் வெச்சுப் பாருங்க. சுடக் கூடாது, இதமா இருக்கணும். மூடின கண் மேல 5 முதல் 10 நிமிஷம். பலபேர் தப்பு பண்றது இங்கதான்: துணி ஒரு நிமிஷத்துல ஆறிடும். திரும்பத் திரும்ப நனைச்சுப் போடணும். ஆறின துணியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஒரு பிரயோஜனமும் இல்லை.

சூடு குறையறதுக்குள்ள, கண்ணை மூடிக்கிட்டு விரல் நுனியால இமையை மெதுவா நீவுங்க. மேல் இமைய கீழ் நோக்கி, கீழ் இமைய மேல் நோக்கி. உருகின எண்ணெய் வெளியே வரணும், அவ்வளவுதான். கண்ணை அழுத்தாதீங்க. அப்புறம் கொதிச்சு ஆறின வெதுவெதுப்பான தண்ணியில சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, பஞ்சால தொட்டு இமை முடி வேரை மட்டும் துடைங்க. ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சு இன்னொரு கண்ணுக்கு வேண்டாம். கடைசியா நல்ல தண்ணியில கழுவிடுங்க. முதல் சில வாரம் தினம் ரெண்டு வேளை, அடங்கினதும் ஒரு வேளை. சரியாகிற வரை கண் மை வேண்டாம். தலைப் பொடுகுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்க.

கண்கட்டிக்கு உள்ளங்கையில விரலைத் தேய்ச்சு, சூடு பறக்க ஒத்தி எடுக்கச் சொல்வாங்களே பாட்டி, அந்தக் கணக்கு சரிதான். சூடும் நேரமும்தான் பத்தாது. ஆனா தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, வெங்காயச் சாறு எதுவும் கண்ணுக்குள்ள வேண்டாம். யூடியூப் பார்த்து டீ ட்ரீ ஆயிலை அப்படியே தடவினா கண்ணோட கருவிழி புண்ணாயிடும்.

"இதெல்லாம் பண்ணா முழுசா குணமாகுமா டாக்டர்?" பெரும்பாலும் ஆகாது. 2012-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நாள்பட்ட இமை அழற்சியைக் குணப்படுத்தும்னு எந்தச் சிகிச்சைக்கும் வலுவான ஆதாரம் இல்லைன்னும், இமைச் சுத்தம் தொந்தரவைக் குறைக்க உதவலாம்னும் சொல்லுது. பல் தேய்க்கிறதை எப்போ நிறுத்தலாம்னு நீங்க கேட்கிறது இல்லையே.

இந்த பதில் யாருக்கும் பிடிக்காது. அதனாலதான் மெடிக்கல் ஷாப்ல போய் "கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்கறாங்க. கிடைக்கிற சொட்டு மருந்துல பல நேரம் ஆன்டிபயாட்டிக்கோட டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ரெண்டே நாள்ல சிவப்பு போயிடும். "நல்ல மருந்துப்பா"ன்னு பக்கத்து வீட்டுக்கும் சொல்வாங்க. நிறுத்தினா திரும்ப வரும், திரும்ப வாங்குவாங்க. இப்படி மாசக்கணக்குல போட்டா சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலிக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரும். ஸ்டீராய்டே ஆகாதுன்னு சொல்லலை. கண் டாக்டர் தேவைப்பட்டா கொஞ்ச நாளைக்கு எழுதுவார், அழுத்தமும் பார்ப்பார். பழைய சீட்டைக் காட்டி நீங்களா வாங்கறதுதான் ஆபத்து.

எங்க பக்கமும் குறை இருக்கு. சொட்டு மருந்து எழுத அரை நிமிஷம் போதும், துணி வைக்கிறதைச் செஞ்சு காட்ட அஞ்சு நிமிஷம் வேணும். ஓபி வரிசையில அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கிறதே இல்லை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடக் கத்துக் கொடுக்கிற மாதிரி, இதையும் ஒரு நர்ஸ் உட்கார்ந்து காட்டினா பாதிப் பேர் பாட்டில் வாங்கப் போக மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

பார்வை மங்குது, கடுமையா வலிக்குது, வெளிச்சம் பார்க்க முடியலைன்னா துணி வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க. வயசானவங்களுக்கு ஒரே இடத்துல திரும்பத் திரும்ப கட்டி, ஒரு கண்ணுல மட்டும் ஆறாத அழற்சி, அங்க இமை முடி உதிர்றதுன்னா தள்ளிப் போடவே கூடாது. இமைப் புற்றுநோய் இப்படி வேஷம் போட்டு வரும்.

மாசக்கணக்கா சொட்டு மருந்து போடறவங்க, அரசு மருத்துவமனை கண் பிரிவுல கண் அழுத்தம் பார்த்துக்கோங்க. போகும்போது பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. "நீல மூடி போட்ட மருந்து"ன்னு சொன்னா எந்த மருந்துன்னு எங்களால கண்டுபிடிக்க முடியாதுங்க.