உழைத்த குதிரைக்கு ஒரு லாயம் வேண்டும்!

ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைத்துக் கும்பிடுகிற நாடு இது. மண் குதிரைக்கு மாலை உண்டு, படையல் உண்டு. உயிருள்ள குதிரைக்கு என்ன உண்டு?

ஓடுகிற வரைதான் குதிரைக்கு மவுசு. பந்தயத்தில் ஓடும். கடற்கரையில் குழந்தைகளைச் சுமக்கும். கல்யாண ஊர்வலத்தில் சாரட்டு வண்டி இழுக்கும். கால் நொண்டியதா? வயது ஏறியதா? அவ்வளவுதான்! கொள்ளு வாங்கக் காசு இல்லை என்று இரவோடு இரவாக அவிழ்த்து விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் குப்பைத் தொட்டிதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. எச்சில் இலையோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. போனது போனதுதான். வயிற்றுச் சூலை வந்து, தரையில் புரண்டு புரண்டு சாகும்.

கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோட்டை நினைத்துப் பாருங்கள். இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள்! அங்கே ஒரு குதிரை குறுக்கே வந்தால் குதிரை மட்டுமா சாகும்? ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியின் உயிருக்கும் ஆபத்துதான்.

அபராதம் 50 ரூபாய்!

பட்டினி கிடக்கும்படி ஒரு மிருகத்தைக் கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டெல்லி மேல்சபையில் போராடி இந்தச் சட்டத்துக்கு வழி வகுத்தவர், சென்னை கலாசேத்திராவை உருவாக்கிய ருக்மணி தேவி அருண்டேல்.

சட்டம் நல்ல சட்டம். தண்டனைதான் சிரிப்பு வருகிறது! முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைய விலைவாசியில் ஒரு கட்டுப் புல்லுக்குக் காணுமா?

அதே சட்டத்தில் 35-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வதைபட்ட மிருகத்தைக் காப்பகத்துக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டு உத்தரவு போடலாம். கொண்டு போகிற செலவு, தீனிச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் சொந்தக்காரன் தலையில்! அபராதம் 50 ரூபாயோடு போய்விடும். இது அப்படிப் போகாது. போலீசார் இந்தப் பிரிவைத் தூசி தட்டி எடுக்க வேண்டும்.

ஒருவரால் ஆகுமா?

மீட்ட குதிரையை யார் வளர்ப்பது? "பாவம், நான் கொண்டு போறேன்" என்று ஒருவர் ஆசையில் கிளம்பினால் அது ஆபத்து. 400 கிலோ குதிரைக்குத் தினமும் 8 கிலோ தீனி வேண்டும். 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி விட வேண்டும். 25 வருடம், அதற்கு மேலும் உயிர் வாழும். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மனிதனுக்கும் தொற்றும். ஆகவே மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்யாமல் வீட்டு வாசலில் கட்டக் கூடாது.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்று குதிரையைக் கேலி செய்வார்கள். மனிதன் மட்டும் என்னவாம்? சவாரி என்றால் முன்னே நிற்கிறான். கொள்ளு என்றால் காணாமல் போகிறான்!

ஒருவரால் ஆகாதது பத்துப் பேரால் ஆகும். குதிரை காப்பகத்தின் பெயரில் இருக்கட்டும். தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப் போவது ஆகிய வேலைகளைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அதற்குத் தொழிற்பேட்டையை விடத் தோதான இடம் உண்டா? முதல் ஷிப்டு ஆள் சாயங்காலம் வருவார். இரண்டாம் ஷிப்டு ஆள் காலையில் வருவார். மூன்று ஷிப்டு ஓடுகிற ஊரில் குதிரை தனியாக நிற்க வேண்டியதில்லை.

மனதுக்கு ஆறுதல்

இதனால் மனிதனுக்கு என்ன லாபம்? இருக்கிறது.

குதிரை பயந்த சுபாவம் உள்ள பிராணி. சத்தம் போட்டால் மிரளும். பின்பக்கமாகப் போனால் உதைக்கும். தோள் பக்கமாக, மெதுவாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். போர்மனிடம் வாங்கிய ஏச்சையும், கந்துவட்டிக்காரன் பேச்சையும் மனதில் வைத்துக் கொதித்துக்கொண்டு போனால் அது விலகிப் போகும். அதன் கழுத்தைத் தடவ வேண்டுமானால் முதலில் ஆள் அமைதியாக வேண்டும். அந்த அமைதிதான் ஆறுதல்!

இரும்பு ஆலைகளில் வேலை செய்ய ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து, ஒரே அறையில் பலராகத் தங்கி இருப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. குதிரைக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் 1944-ல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரை ஏற மற்றவர்கள் தூக்கி விட வேண்டும். அந்தப் பெண் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார்! அதன் பிறகுதான் ஊனமுற்ற குழந்தைகளுக்குக் குதிரைப் பயிற்சி கொடுப்பது பல நாடுகளில் பரவியது. ஆனால் அது நல்ல உடம்போடு, பழக்கிய குதிரையில் செய்கிற வேலை. அடிபட்டு வந்த குதிரை மேல் யாரும் ஏறக் கூடாது. அதைத் தடவிக் கொடுத்தாலே போதும்.

கலெக்டர் கவனிப்பாரா?

நீலகிரியில் மசினகுடி பக்கம் மாவனல்லாவில் 'ஐபேன்' என்ற தொண்டு நிறுவனம், கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துக் காப்பாற்றுகிறது. மலையில் நடக்கிற காரியம் சமவெளியில் நடக்காதா?

மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேண்டும், காப்பகத்துக்கு மாநில அரசு நிலம் தர வேண்டும், முழுநேர மிருக டாக்டர் இருக்க வேண்டும் என்று 2001-ம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த விதிப்படி திருவள்ளூர் மாவட்டத்தில் குதிரைக்கு என்றே ஒரு லாயம் ஒதுக்கப்பட வேண்டும்.

பணம்? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, அதில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம். அந்தப் பணிகளின் பட்டியலில் மிருக நலனும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இருக்கும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றி ஒரு வேலி. இதற்கு ஆகும் செலவு பெரிய கம்பெனிக்குக் கொசுறு!

கலெக்டர் நிலம் கொடுக்கட்டும். கம்பெனி கொட்டகை போடட்டும். கொள்ளு வைக்கத் தொழிலாளி வருவான்!