கையில் போன் இருக்கையில் காம்பஸ் எதற்கு?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். அகத்தியகூட மலைக்கு பெர்மிட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான். "போன்ல ஜிபிஎஸ் இருக்கு, கூட கைடு வர்றார். இந்த மேப்பு, காம்பஸெல்லாம் பழைய காலம் இல்லியா அண்ணாச்சி?" மலையேறப் போகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், உண்மைதான். செயற்கைக்கோள் சிக்னல் போதும். ஆனால் அது காட்டும் புள்ளிக்கு அடியில் இருக்கும் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைக்காவிட்டால், வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் பொட்டுதான் மிஞ்சும். டவரைத் தேடித் தேடியே பேட்டரி வடியும். அடர்ந்த மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் பொட்டு தாவிக் குதிக்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பொட்டு நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். எதிரே தெரியும் சரிவில் இறங்கலாமா என்று சொல்லாது. அதைச் சொல்பவை சம உயரக் கோடுகள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் நடக்கலாம். மேட்டுப் பக்கமாக மடங்கும் வளைவுகளின் நடுவே நீலக் கோடு ஓடினால் அது ஓடை. அந்தக் கோடுகள் பல செயலிகளிலும் உண்டுதான். படிக்கத் தெரியாதவருக்குத் திரையானால் என்ன, தாளானால் என்ன?

"போனிலேயே காம்பஸ் இருக்கே" என்றான் தம்பி. வாங்கிப் பார்த்தேன். உறையில் மூடிக்குக் காந்தம். கழற்றிவிட்டுத் திரும்பக் காட்டச் சொன்னேன். வடக்கு நாற்பது டிகிரி நகர்ந்து உட்கார்ந்தது. கைக் காம்பஸும் இரும்பைக் கண்டால் பொய் சொல்லும்தான். ஆனால் முள் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், இரண்டடி தள்ளி நின்று சரிபார்க்கலாம்.

வரைபடம் கிடைக்காது, அது ராணுவ சமாச்சாரம் என்பதும் பழங்கதை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்றே தனி வரிசைத் தாள்கள் வந்துவிட்டன. 2017 முதல் இந்திய நில அளவைத் துறை அவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 1:50,000 அளவு, அதாவது தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர்.

கைடு விஷயத்தில் எனக்குச் சண்டையில்லை. அந்தக் காட்டை அவரைவிட நமக்குத் தெரியும் என்று நினைப்பவன் போகாமலிருப்பதே நல்லது. அவர் முன்னே போய், மூட்டம் இறங்கி, பின்னால் வரும் நான்கு பேர் கவட்டைப் பாதையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

காம்பஸ் கஷ்டம் என்று திருவனந்தபுரத்துக்காரர் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். இதற்கு இவ்வளவு தோதான ஊர் குறைவு. காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான். இரண்டு டிகிரியை மறந்தாலும் ஒரு கிலோமீட்டரில் 35 மீட்டர்தான் விலகுவோம். காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதால்தான் 1963-ல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டார்கள். அதற்கும் நூறாண்டு முன்பே, திருவிதாங்கூர் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரௌன் பூமியின் காந்தத்தை அளக்க அகத்திய மலை உச்சியிலேயே ஒரு நிலையம் கட்டியிருக்கிறார். நம் தம்பி செல்ஃபி எடுக்கப் போகிற அதே மலை! வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐரோப்பாவுக்கென்று எடை சமன் செய்த காம்பஸில் இங்கே முள் ஒரு பக்கம் சாய்ந்து உரசும்.

பழகக் காட்டுக்குப் போக வேண்டாம். பத்மநாபசுவாமி கோயில் கிழக்கு நடையில் விடியற்காலை நில்லுங்கள். சம இரவு நாட்களில் மறையும் சூரியன் கோபுர வாசல்களில் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுமே, அதே இடம். கோபுரத்தை நோக்கினால் ஏறக்குறைய 270, முதுகைத் திருப்பினால் 90. அங்கிருந்து தம்பானூர் வரை, தூரம் அளக்கப் பழக, காலடி எண்ணிக்கொண்டே நடங்கள். சமதளத்தில் எனக்கு நூறு மீட்டருக்கு 64 இரட்டையடி. பொன்முடி ஏற்றத்தில் அதுவே 80-ஐத் தாண்டியது. தம்பிக்கு எத்தனை என்று போய் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறான்.