கட்டணம் குறைவுதான், பட்டம் செல்லுமா?

வேம்பார் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் போக்கைத் தீர்மானிப்பது கல்லூரி நாட்காட்டி அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. பதநீர் இறங்கும் மாதங்களில் பனைத் தொழிலாளர் குடும்பங்கள் முழுவதும் கருப்பட்டி காய்ச்சும் வேலையில் இருக்கும். தினமும் தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறி வருகைப்பதிவு காட்ட முடியாதவருக்கு, ‘கைப்பேசியிலேயே படிக்கலாம், நேரம் உங்கள் வசம், கட்டணம் தவணையில்’ என்ற விளம்பரம் வரமாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்தத் தேவை நியாயமானது. அதை நிறைவேற்ற வருகிறவரின் கணக்கைத்தான் சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் லாபத்துக்காகப் பல்கலைக்கழகம் நடத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால், மாணவர் சேர்க்கை பிடித்துத் தரும் இணையவழிக் கல்வி நிறுவனங்களின் மூலம் லாபம் பக்கவாசல் வழியே நுழைகிறது. பல்கலைக்கழகங்கள் இவர்களோடு உரிம ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 ஜனவரியில் எச்சரித்தது. அமெரிக்காவில் லாபத்தையே நேரடி நோக்கமாகக் கொண்ட பல்கலைக்கழகங்களும் உண்டு. பெருநிறுவனங்களோடு வேலைவாய்ப்புத் தொடர்பு இருப்பதுபோல் விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில், ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, அதில் 14.1 கோடி, மாணவர்கள் அதற்குத் தர வேண்டியிருந்த கடனின் தள்ளுபடி. சேர்க்கையில் வருமானம் வந்துவிட்டால், மாணவர் படித்து முடித்தாரா என்ற கவலை பின்னுக்குப் போய்விடும்.

‘அரசு நிறுவனம் என்றால் பயமில்லையே’ என்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2022இல் அறிவித்தபோது, அது அரசின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. சேலம் விநாயகா மிஷன்ஸ் உள்ளிட்ட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-05 காலத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் மறுதேர்வு எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. ஆக, நடத்துபவர் யார் என்பதைவிட, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டில் அனுமதி இருந்ததா என்பதே முதல் கேள்வி.

‘வாய்ப்பே இல்லாதவருக்கு இதாவது கிடைக்கட்டுமே’ என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. முறையில் குற்றமில்லை: அமெரிக்காவின் லாப நோக்கற்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது, பருவத்துக்கு ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு, அவரவர் வேகத்தில் படிக்க விடுகிறது. இங்கும் முறையான அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம், நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022இல் தெளிவுபடுத்தியது. ஆனாலும் பொறியியல், செவிலியம், சட்டம் போன்றவற்றை இணையவழியில் வழங்க அனுமதியில்லை. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. செல்லாத பட்டம் ஏழைக்கு வாய்ப்பாகாது. உழைப்பையும் ஆண்டுகளையும் விழுங்கிவிட்டுக் கடனைத்தான் விட்டுச்செல்லும்.

சேர்வதற்கு முன், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் படிப்பின் பெயரும் கல்வியாண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்வு மையம் எங்கே என்று கேளுங்கள். ‘தவணை’ என்று நீட்டப்படும் தாள் கடன் ஒப்பந்தமா என்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அரசுக்கும் கடமை உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கடலோர ஊர்களுக்கே கற்றல் மையங்களைக் கொண்டுவந்து, நேர்முக வகுப்புகளையும் தேர்வுகளையும் மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்கட்டும். அப்படிச் செய்தால், ஏமாற்று விளம்பரங்களுக்கு இங்கே ஆள் கிடைக்காது.