மலைப் படத்தில் ஆள் இல்லையென்றால் பிள்ளை மனசில் துயரமா?

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை வரைந்த படத்தைக் காட்டினால் படத்தைப் பார்க்க மாட்டோம், பிள்ளையின் மனசைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம். 'இங்கே கொண்டுவந்து பிள்ளையை வாட்டுகிறோமோ' என்ற உறுத்தல் உள்ளுக்குள் இருக்கிறதே, அதுதான் காரணம்.

நாங்கள் இருப்பது டேராடூனில். நாலாவது படிக்கும் என் மகள் ஒரு ஞாயிறு மத்தியானம் மொட்டைமாடியில் உட்கார்ந்து வடக்கே தெரியும் முசூரி மலையைப் பென்சிலில் வரைந்தாள். வீடு இல்லை, ஆள் இல்லை, சூரியன் இல்லை. பள்ளியில் பார்த்தவர்கள், குழந்தை தனிமையில் வாடுகிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரிலிருந்து அம்மா, "ஒரு ஆளையாவது போடச் சொல்லுப்பா" என்றார்.

சரி, படத்தைப் பார்ப்போம். நாமெல்லாம் சின்ன வயசில் வரைந்தது இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன். அது சொல்லிக்கொடுத்த மலை. இங்கே தெரிவது முக்கோணம் இல்லை, நீண்டு கிடக்கும் ஒரே மேடு. மத்தியானம் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் சூரியன் முதுகுப் பக்கம்தான் இருக்கும். கிட்டத்து மரங்களை அழுத்தியும் தூரத்து மலையை லேசாகவும் தீட்டியிருக்கிறாள். இடையில் உள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறித்தான் தெரியும். லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார். வெறும் தாளாக விட்ட இடம் மேகம். அவ்வளவு தூரத்தில் ஆள் எப்படி ஐயா தெரியும்?

வீடு, மரம், மனிதன் என மூன்றையும் வரையச் சொல்லி மனசை அறியும் சோதனையை ஜான் பக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் வெளியிட்டார். இந்த மாதிரிச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்று உளவியலாளர்களே பல காலமாகக் கேள்வி எழுப்பி வருகிறார்கள். முறையாகச் செய்வதற்கே அந்தக் கதி. போகிற போக்கில் ஒரே படத்தைப் பார்த்துச் சொல்வது ஜோசியம்தான்.

பிள்ளைகளுக்கு வாட்டமே வராது என்று சொல்லவில்லை. தூக்கம், சாப்பாடு, பேச்சு, பள்ளிக்குக் கிளம்பும்போது முகம் என்று தினமும் பார்க்க எத்தனையோ இருக்கின்றன. அவற்றைக் கவனியுங்கள். படத்தைக் காட்டினால், "எங்கிருந்து பார்த்தாய், இந்த இடத்தை ஏன் வெள்ளையாக விட்டாய்?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

ஆளைப் போடச் சொன்னால் போட்டுவிடுவார்கள், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கப்புறம் அவர்கள் வரைவது நமக்குப் பிடித்த மலையாக இருக்கும், அவர்கள் பார்த்த மலையாக இருக்காது.