துடைப்பதற்கு முன் ஒரு படம்

பழைய ஸ்டுடியோ உருவப்படங்களைப் பற்றி எழுதும்போது 'மென்னொளி', 'கனவுத்தன்மை' ஆகிய சொற்களை நாம் வெகு எளிதாகக் கையாண்டுவிடுகிறோம். அழகியல் தேர்வு என்று நாம் வாசிக்கும் அந்த மங்கலில் ஒரு பகுதி, வில்லைக்குள் (லென்ஸ் என்றே சொல்லலாம்) வளர்ந்த பூஞ்சையின் கைவேலையாக இருக்கக்கூடும். பவானிபூரில் தங்கி, மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் மிச்சங்களைப் பார்த்துவரும் இம்மாதங்களில் இந்த ஐயம் எனக்கு வலுத்துவருகிறது. வேண்டுமென்றே மென்மையைத் தரும் வில்லைகளும் இருந்தன, நெகடிவில் பென்சிலால் திருத்தும் வழக்கமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எது எதனால் நேர்ந்தது என்று சொல்ல நம்மிடம் சான்று வேண்டுமல்லவா? அந்தச் சான்று வில்லையில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் தூக்கி எறிகிறோம், அல்லது எதையும் பதிவுசெய்யாமல் துடைத்துவிடுகிறோம்.

பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. தூசி, விரலின் எண்ணெய்ப்பசை, உட்குழலின் கிரீஸ் ஆகியவையே அதற்கு உணவு. காற்றின் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள்கள் நீடித்தால் போதும். எங்குமுள்ள வித்துகள் முளைத்துவிடும். கல்கத்தாவின் மழைக்காலம் அதற்கென்றே அமைந்தது போன்றது. சிலந்திவலை போலப் படரும் இழைகள் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் முதலில் மேற்பூச்சையும் பின்னர் கண்ணாடியையும் அரிக்கிறது. ஓரிரு இழைகள் படத்தில் தெரியவே தெரியா. படர்ந்துவிட்டாலோ ஒளி சிதறும், கருமை வெளிறும், பின்னிருந்து ஒளி விழும் படங்களில் விளிம்புகள் பனிமூட்டம் போலாகும். 'கனவுத்தன்மை'!

இதை உரிமையாளரின் அசட்டை என்று சொல்வது அநியாயம். இரண்டாம் உலகப் போரில் நியூகினியின் காடுகளில் படைகளின் தொலைநோக்கிகள் இப்படித்தான் குருடாயின. ஆஸ்திரேலியா அதை ஓர் அறிவியல் சிக்கலாகவே எடுத்துக்கொண்டது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கருவிகளுக்குள் பூசிப் பூஞ்சையைத் தடுத்தனர். நமக்கும் இத்தகைய மரபு இல்லாமலில்லை. நில அளவைத் துறையின் கணிதக் கருவிகள் அலுவலகம் 1830இல் இந்நகரில்தான் தொடங்கியது. எவரெஸ்டின் கருவிகளைச் செப்பனிட்ட சையது மீர் மோசின் உசேன் நம் ஆற்காட்டுக்காரர். அந்த அலுவலகத்தின் வழிவந்த நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஜாதவ்பூரில் 'நேஷனல் 35' என்ற கேமராவையே செய்தது. இன்று அந்த அறிவு சில பழுதுபார்ப்பவர்களின் மேசையோடு நிற்கிறது. நம் அடிக்குறிப்புகளில் அவர்களுக்கு இடமில்லை.

அருங்காட்சியகத் துறையினரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. தொல்பொருளைக் கைபடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது வறண்ட, குளிர்ந்த நாடுகளில் செல்லுபடியாகலாம். இங்கே கைபடாமல் வைப்பதென்றால் பூஞ்சைக்குச் சோறு போடுவதென்று பொருள். ஆகவே துடைக்கத்தான் வேண்டும். துடைப்பதற்கு முன் பதிவுசெய்யவும் வேண்டும். பின்புறமிருந்து டார்ச் விளக்கைச் செலுத்தி இழைகளைப் படமெடுங்கள். எந்த வில்லையில், எந்தப் பரப்பில் படர்ந்திருக்கிறது என்று குறியுங்கள். அந்த வில்லையைக் கொண்டே, துளையை முழுதும் திறந்து ஒன்று, சுருக்கி ஒன்று என, இருண்ட பின்னணியில் எரியும் ஒரு விளக்கைப் படமெடுங்கள். துடைத்த பின் அதே படங்களை மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பூஞ்சையின் பங்கு. அரை நாள் வேலைதான்.

கழற்றுவதைப் பழகிய கைகளிடம் விடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ கொண்டு அவர்கள் மெல்லத் துடைப்பார்கள். அரிப்பின் தடம் எஞ்சினால் எஞ்சட்டும். அதைத் தேய்த்து மெருகேற்றச் சொன்னால் மேற்பூச்சும் போய்விடும். வெயிலில் காயவைப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை: பூஞ்சை செத்தாலும் இழை அங்கேயே கிடக்கும், சூட்டில் வில்லைகளை ஒட்டிய பசையும் விட்டுவிடக்கூடும். தோலுறையைப் பாசத்தோடு பாதுகாப்பவர்கள் அதை வில்லையிலிருந்து பிரித்தே வையுங்கள்; ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதற்கு இணையில்லை. காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு போதும்.

எண்ணியமாக்கத் திட்டங்களின் நிதிக்கோரிக்கைகளில் ஸ்கேனருக்கு இடமுண்டு, வன்தட்டுக்கு இடமுண்டு. ஈரமானிக்கு இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மூன்று ஸ்டுடியோ வில்லைகள் பூஜைக்கு முன் பழைய சாமான்காரரிடம் போகவிருக்கின்றன. ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன். மேலே சொன்ன பதிவுகளுக்காக ஒருபக்கப் படிவம் ஒன்றைத் தமிழில் செய்து வைத்திருக்கிறேன். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ ஸ்டுடியோ சேகரிப்புகளோடு பணிபுரியும் நண்பர்கள் கேட்டால் அனுப்பித் தருகிறேன்.